மொழி பிசகலாகாது

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியின் வயல்களிலே நாற்று நடும் பெண்டிர் ஒரு பகற்பொழுதில் எத்தனை முறை குனிகின்றனர், எத்தனை முறை நிமிர்கின்றனர் என்று கணக்கிட்டவர் எவருமிலர். அவ்வூரைச் சூழ்ந்த தோப்புகளில் தென்னையேறும் தொழிலாளியின் கையும் காலும் எந்த ஆற்றலால் மரத்தைப் பற்றுகின்றன என்று அவனுக்கு எடுத்துரைத்தவரும் எவருமிலர். மேற்குமலைத் தொடரின் அடியில் உழைத்து வாழும் அம்மக்களுக்கு உடலே உடைமை, உடலே கருவி, உடலே முதல். அம்முதலை இட்டு நாட்டுக்குச் சோறு விளைவிக்கும் அவர்கட்கு, அவ்வுடல் எவ்வாறு இயங்குகின்றது என்னும் அறிவு மட்டும் அயல்மொழிப் பெட்டியுள் வைத்துப் பூட்டப்பட்டுள்ளது. திறவுகோல் அவர்கள் கையில் இல்லை.

முழங்கால் வலியோடு மருத்துவமனைப் படியேறும் உழவர்குடிப் பெண்ணொருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊடுகதிர்ப் படத்தோடு அவள் கையில் தரப்படும் தாளில் உள்ளவை யாவும் ஆங்கிலம். அதனைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையை அவள் தேடுகின்றாள். ‘மூட்டுத் தேய்ந்து போயிற்று’ என்பதோடு அவளுக்குரிய விளக்கம் முடிந்துவிடுகின்றது. எது தேய்ந்தது? ஏன் தேய்ந்தது? தேயாமல் எஞ்சியது எது? எஞ்சியதைக் காக்கும் தசை எது? அத்தசையை வலுவாக்கும் வழி யாது? இவ்வினாக்களுள் ஒன்றனுக்கேனும் விடை பெறாமல், வலிநீக்கும் வில்லைகளோடு அவள் ஊர் திரும்புகின்றாள்.

ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். காய்ச்சலுக்கு உண்ணும் வில்லை, உண்பவர்க்கு அதன் பெயர் தெரியாவிடினும் வேலை செய்யும். தசைக்கும் மூட்டுக்கும் உரிய மருத்துவமோ அத்தன்மைத்தன்று. அதன் பெரும்பகுதி நோயாளர் தாமே செய்ய வேண்டிய பயிற்சியாகும். எந்தத் தசையை இறுக்க வேண்டும், எந்த மூட்டை எவ்வளவு மடக்க வேண்டும், எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பன விளங்காமல் அப்பயிற்சி நடைபெறாது. ஆகலின், இயக்க நோய்களைப் பொறுத்தவரை அறிவே மருந்து. அம்மருந்தைப் புகட்டும் சங்கு தாய்மொழி. சங்கைப் பறித்துக்கொண்டு மருந்தை மட்டும் காட்டுவது மருத்துவம் ஆகுமா?

தென்மாவட்டச் சிற்றூர்களில் ‘மொழி’ என்னும் சொல்லுக்குப் பேச்சு என்பதோடு மற்றொரு பொருளும் உண்டு. கரும்பின் கணு மொழி. மூங்கிலின் கணு மொழி. விரற்கணுவும் மணிக்கட்டும் கணுக்காலும் மொழி. ‘மொழி பிசகிவிட்டது’ என்றால் மூட்டு நழுவிவிட்டது என்பது பொருள். இருபொருட்கும் ஒரு சொல் அமைந்தது எங்ஙனம் என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் நிற்க. என்பையும் என்பையும் இணைத்து உடலை இயக்குவது ஒரு மொழி. மாந்தனையும் மாந்தனையும் இணைத்துக் குமுகாயத்தை இயக்குவது மற்றொரு மொழி. முன்னது பிசகினால் கை உயராது. பின்னது பிசகினால் அறிவு கைக்கு எட்டாது. இன்று உழைக்கும் தமிழர்க்கு இரண்டும் பிசகியுள்ளன. முன்னதைச் சீராக்க வேண்டுமாயின் பின்னதை முதலிற் சீராக்கியாக வேண்டும்.

உடலின் இயக்கத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என ஐயுறுவார்க்கு உரிய விடை, சொல்லிக் காட்டுவதே.

என்பும் மூட்டும்

வளர்ந்த மாந்தனின் உடலில் 206 என்புகள் உள்ளன. அவை தாமே அசைவன அல்ல, அசைக்கப்படுவன. இரண்டு என்புகள் கூடுமிடம் மூட்டு. கூடுமிடத்தின் வடிவே அசைவின் வகையை வரையறுக்கின்றது. முழங்கை கதவின் கீலைப் போன்றது; ஒரு தளத்தில் மட்டுமே மடங்கி விரியும். இடுப்பு மூட்டில் தொடையென்பின் உருண்ட தலை ஆழ்ந்த கிண்ணத்துட் பொருந்தியுள்ளது. ஆகவே கால் எப்பக்கமும் திரும்பும். தோள்மூட்டும் அவ்வினத்ததே. ஆயினும் அதன் கிண்ணம் ஆழமற்றது. அதனாலன்றோ கை காலினும் மிகுதியாகச் சுழல்கின்றது! அதனாலன்றோ பெருமூட்டுகளுள் தோளே எளிதிற் பிசகுகின்றது! இயக்கம் மிகுந்த இடத்தில் உறுதி குறையும். உறுதி மிகுந்த இடத்தில் இயக்கம் குறையும் என்னும் இயற்கையின் கணக்கு இவ்விரு மூட்டுகளில் எழுதப்பட்டுள்ளது.

மூட்டில் கூடும் என்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. மூட்டைச் சுற்றி ஒரு பை, அப்பையினுள் உயவுநீர். வண்டியச்சுக்கு மசகு எவ்வாறோ, மூட்டுக்கு அந்நீர் அவ்வாறு. என்பையும் என்பையும் கட்டி நிறுத்துவன பிணைநார்கள். முழங்காலில் அவற்றுட் பெரியவை நான்கு: பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு, மூட்டினுள்ளே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வன இரண்டு. தொடையென்புக்கும் கீழ்க்காலென்புக்கும் இடையில் பிறைவடிவான இரண்டு குருத்துகள் மெத்தைபோற் கிடந்து அதிர்வைத் தாங்குகின்றன. முன்புறத்தே முழங்காற்சில்லு ஒரு கப்பியைப்போல் நின்று தொடைத்தசையின் இழுப்புக்கு வலுச் சேர்க்கின்றது.

குருத்தெலும்பைப் பற்றி ஒவ்வோர் உழவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதற்குக் குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பில்லாமையால் அது தேயத் தொடங்கும்போது வலிப்பதில்லை. வலி தோன்றும் நாளில் தேய்வு முற்றியிருக்கும். குருதிக்குழாய் இல்லாமையால் அதற்கு உணவு உயவுநீரிலிருந்தே வர வேண்டும். மூட்டு அசையும்போது குருத்து அழுந்தி விரிந்து, நீரில் நனைத்த பஞ்சைப்போல் அந்நீரை உறிஞ்சி உணவு பெறுகின்றது. எனவே அசைவு மூட்டுக்குப் பகையன்று, உணவு. அளவிறந்த சுமையே பகை. ‘மூட்டுவலியா? அசையாமற் கிட!’ என்று ஊரார் கூறும் அறிவுரை எத்துணை முறையற்றது என்பது இவ்வொரு செய்தியால் விளங்கும்.

இழுக்கும், தள்ளாது

என்புகளை அசைக்கும் தசைகள் 600-க்கும் மேற்பட்டவை. உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை அவற்றின் எடையே. தசையின் முனை உறுதியான நாணாகி என்பைப் பற்றியுள்ளது. தசை சுருங்கினால் நாண் இழுபடும். நாண் இழுத்தால் என்பு திரும்பும்.

இங்கு அறிய வேண்டிய அடிப்படை உண்மை ஒன்றே: தசை இழுக்குமேயன்றித் தள்ளாது. திருவில்லிபுத்தூரில் ஆடித் திங்களில் ஓடும் பெருந்தேரைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். பற்றுடையார்க்கு அது திருவிழா. உடலியல் கற்பார்க்கு அது ஒரு பாடம். வடம் இழுக்கப் பயன்படும், தள்ளப் பயன்படாது. முன்னே இழுத்த தேரைப் பின்னே கொணர வேண்டுமாயின் பின்புறத்தே வேறொரு வடம் பூட்டியாக வேண்டும். உடலும் அவ்வாறே அமைந்துள்ளது. முழங்கையை மடக்க மேற்கையின் முன்புறத்தே இருதலைத் தசை; நீட்டப் பின்புறத்தே முத்தலைத் தசை. ஒன்று இழுக்கும்போது மற்றொன்று இடங்கொடுக்கும். முற்றும் விட்டுவிடுவதில்லை, தேருருளையின் கீழ் முட்டுக்கட்டை இடுவார்போல் விரைவை அடக்கி, உரிய இடத்தில் நிறுத்துகின்றது. ஊசியில் நூல் கோக்கும் நுண்மை, இவ்விரு தசைகளின் எதிரிழுப்பாற் பிறந்த நுண்மையே.

மற்றொரு வியப்பு: இருதலைத் தசையின் நாண் முழங்கை மூட்டினின்று ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் முன்கையென்பைப் பற்றியுள்ளது. கையில் ஏந்திய சுமையோ மூட்டினின்று ஏறத்தாழ 35 செ.மீ. தொலைவில் உள்ளது. நெம்புகோற் கணக்கின்படி, முழங்கையை மடித்து 5 கிலோ எடையை ஏந்தி நிற்க, முன்கையின் எடையைச் சேர்க்காமலே, தசை 35 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தாக வேண்டும். இயற்கை ஏன் இவ்வாறு இழப்பில் வணிகம் செய்கின்றது? இழப்பன்று அது, மாற்று. தசை ஒரு விரற்கடை சுருங்கினால் கை ஏழு விரற்கடை நகரும். வலுவைக் கொடுத்து விரைவை வாங்கியுள்ளது உடல். கதிரறுக்கும் அரிவாளின் வீச்சும் தறியில் அறுந்த இழையை நொடியில் முடியும் கையின் விரைவும் அம்மாற்றின் பயன்களே.

விரல்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். விரல்களினுள் அவற்றை மடக்கும் தசை இல்லை. உள்ளங்கையிலும் முன்கையிலும் உள்ள தசைகளே நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன. பாவைக்கூத்தில் ஆட்டுவிப்பவன் திரைக்குப் பின் நிற்பதைப்போல், விரலை ஆட்டும் தசை முழங்கையருகே நிற்கின்றது. முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கிப் பார்ப்பார் எவரும் இதனை உணரலாம். தென்னையேறுவோர்க்கு முன்கையில் கடுப்புத் தோன்றுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

இழையினுள் ஒரு தேரோட்டம்

தசை எவ்வாறு சுருங்குகின்றது? தசை இழைகளால் ஆயது. இழை அதனினும் நுண்ணிய சரங்களால் ஆயது. சரமோ வரிசையாக அடுக்கிய சிறு அறைகளால் ஆயது. ஒரு மில்லிமீட்டரை 500 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவே ஓர் அறையின் நீளம். ஒவ்வோர் அறையிலும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிழைகளும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. தசை சுருங்கும்போது இவ்விழைகள் குறுகுவதில்லை. ஒன்றன்மேலொன்று வழுக்கி உட்செல்கின்றன. தடித்த இழையின் சிறு தலைகள் மெல்லிழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. வடம் பிடிப்போரின் கைகள் மாறிமாறிப் பற்றுவதைப்போல. இதனை 1954-இல் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்து ஒரே வேளையில் வெளியிட்டனர். உறவினரல்லாத இருவர் அக்சுலி என்னும் ஒரே குடிப்பெயரோடு இரு குழுவிலும் இருந்தது அறிவியல் வரலாற்றின் சுவையான செய்தி.

மூளையின் ஆணை தண்டுவடத்தின் வழி இறங்கி, நரம்பின் வழி தசையை அடைகின்றது. நரம்பு முனையில் ஊறும் ஒரு வேதிப்பொருள் இழையின்மேல் மின்னலையை எழுப்ப, இழையினுள் அடைபட்டிருந்த கால்சியம் எனப்படும் சுண்ணகம் வெளிப்படுகின்றது. அதன்பின்னரே பற்றியிழுக்கும் வேலை தொடங்கும். ஒரு நரம்பணு ஒரே வேளையில் பல இழைகளை ஏவும். கண்ணை உருட்டும் தசையில் சிற்சில இழைகளையே ஓர் அணு ஏவுகின்றது. கெண்டைக்காலிலோ ஆயிரத்திற்கும் மேற்பட்ட இழைகளை ஏவுகின்றது. நுண்மை வேண்டிய இடத்தில் சிறு குழு. வலுவேண்டிய இடத்தில் பெருங்குழு. சிறு சுமைக்குச் சில குழுக்கள் போதும். சுமை மிகமிக மேன்மேலும் குழுக்கள் வந்து வடத்திற் கைவைக்கும். ஊர்கூடித் தேரிழுத்தல் என்னும் பழமொழி உடலினுள் ஒவ்வொரு நொடியும் நிகழ்கின்றது.

இழுப்பதற்கு ஆற்றல் வேண்டும் என்பது எவரும் அறிந்தது. விடுவதற்கும் ஆற்றல் வேண்டும் என்பது பலர் அறியாதது. உண்ட உணவும் மூச்சில் வந்த உயிர்வளியும் கூடி ஆக்கும் ஆற்றற்பொருள் ஒன்று வந்து சேர்ந்தால்தான் மயோசின் தலை தன் பிடியை விடும். உயிர் நீங்கிய உடலில் அப்பொருள் தீர்ந்துவிடும்; பிடித்த பிடி விடாது; ஆகவே சில மணி நேரத்தில் உடல் விறைக்கின்றது. ‘பிணம் விறைத்துவிட்டது’ என்று கூறும் சிற்றூரார் கண்ட காட்சிக்கு அறிவியல் தரும் விளக்கம் இதுவே.

வயலிலும் மலையிலும்

கற்ற இவ்வறிவை உழைப்பாளியின் உடலிற் பொருத்திப் பார்க்க வேண்டும். நாற்று நடும் பெண் முழுவதும் குனிந்து நிற்கையில் முதுகை நிமிர்த்தும் தசைகள் உழைக்கின்றன என்றே எவரும் கருதுவர். உண்மை வேறு. குனியத் தொடங்குகையில் அத்தசைகள் உழைக்கும். முழுவதும் குனிந்தபின் அவை அடங்கிவிடும். 1955-இல் ஆங்கில ஆய்வாளர் இருவர் தசையின் மின்னலைகளை அளந்து இதனை விளக்கினர். தசை அடங்கியபின் உடலின் மேற்பாதியைத் தாங்குவன முதுகெலும்பின் பிணைநார்களும் இடைத்தட்டுகளுமே. தசைக்குக் களைப்பு உண்டு, களைப்பு எச்சரிக்கும். நாருக்கும் தட்டுக்கும் அத்தகைய எச்சரிக்கை இல்லை. நாள்தோறும் மணிக்கணக்கிற் சுமை தாங்கி அவை மெல்ல நைகின்றன. அப்பெண்டிர் ‘குறுக்கு வலி’ என்று கூறும் வலியின் வேர்களுள் இஃதொன்று. அவ்வப்போது நிமிர்ந்து சற்றே பின்வளைதல், முழங்காலைச் சிறிது மடித்து இடுப்பிலிருந்து குனிதல் ஆகியவற்றை ஏன் செய்ய வேண்டும் என்பதை இத்துணை எளிதாகத் தமிழில் சொல்லலாம். நிமிர்ந்து நிற்கும் பெண்ணைச் சோம்பேறி என்று அதட்டும் மேற்பார்வையாளனுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும்!

வத்திராயிருப்பைக் கடந்து தாணிப்பாறை வழியே சதுரகிரி மலையேறுவோர் மறைமதி நாளிலும் முழுமதி நாளிலும் திரளுகின்றனர். ஏறும்போது மூச்சு வாங்குகின்றது; இறங்கும்போது தொடை நடுங்குகின்றது; மறுநாள் படியிறங்க இயலாமற் கால் கடுக்கின்றது. ஏறும்போது முன்தொடையின் நாற்றலைத் தசை சுருங்கிக்கொண்டே உழைக்கின்றது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகின்றது. நீண்டுகொண்டு தாங்குகையில் குறைந்த இழைகளே மிகுந்த சுமையை ஏற்பதால் அவற்றில் நுண்ணிய கிழிவுகள் உண்டாகின்றன. மறுநாட் கடுப்பு பெரும்பாலும் ஏறியதனால் வந்ததன்று, இறங்கியதனால் வந்தது. படியிறங்குகையில் முழங்கால் தாங்கும் சுமையோ உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. தொடைத்தசை வலுவாயிருந்தால் அச்சுமையின் அதிர்வைத் தசை வாங்கிக்கொள்ளும். நலிந்திருந்தால் குருத்து வாங்கும்.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவக் கட்டுத்துணியை நெய்கின்றன. பிறர் புண்ணைக் கட்டத் துணி நெய்யும் தொழிலாளி நாள்முழுதும் நின்றே உழைக்கின்றான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிக் காலில் தேங்கிய குருதியை மேலே தள்ளும். அதனை இரண்டாம் நெஞ்சாங்குலை என்றே கூறலாம். அசையாது நிற்போர்க்கு அவ்வுதவி இல்லை. குருதி தேங்கும்; குழாய்கள் புடைத்துச் சுருளும். குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் சிறு பயிற்சி பெருநோயைத் தள்ளிப்போடும். இதனைச் சொல்ல எந்த அயற்சொல் தேவைப்பட்டது?

சொல் இல்லை என்பார்க்கு

‘தமிழில் நுட்பமான சொற்கள் இல்லை, மேலைச் சொற்களே திட்பமானவை’ என்று கற்றறிந்தார் சிலர் கூறுகின்றனர். அம்மேலைச் சொற்களின் உட்பொருளை அவர்கள் என்றேனும் ஆராய்ந்தனரா? ஆங்கிலத்தில் தசைக்கு வழங்கும் பெயர் ‘சுண்டெலி’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. தோலின் கீழ் ஓடும் எலிபோல் தோன்றியதாம்! முழங்காற்சில்லின் பெயர் ‘சிறுதட்டு’. கீழ்க்காலென்பின் பெயர் ‘குழல்’. இடுப்புக்குழியின் பெயர் ‘காடிக்கிண்ணம்’. உரோமர் தம் அடுக்களையிலும் முற்றத்திலும் கண்ட பொருள்களின் பெயரை உடலுக்கு இட்டனர். அவை நுட்பமாயின. தமிழன் கெண்டைக்கால் என்றான். ஆற்றில் புரளும் கெண்டையின் வடிவை அச்சொல் கண்முன் நிறுத்துகின்றது. அது மட்டும் நாட்டுப்புறச் சொல்லாகிவிடுமா? எலி நுட்பம், மீன் இழிவு என்பது எந்த அறிவியல்?

வலியைக் கூறும் சொற்களை நோக்குக. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், எரிச்சல், இழுப்பு, மதமதப்பு, சுளுக்கு, பிசகு என உழைப்பாளர் வாயில் வழங்குவன ஒவ்வொன்றும் வேறு வேறு. தசை களைத்தால் கடுக்கும். மூட்டு நைந்தால் குடையும். நரம்பு நெரிந்தால் எரியும், மதமதக்கும். அச்சொல்லைச் செவிசாய்த்துக் கேட்கும் மருத்துவர்க்கு நோயறிதலில் பாதிவழி கடந்தாயிற்று. அவற்றை ஓர் ஆங்கிலச் சொல்லில் அடைத்து எழுதும்போது இழப்பு நோயாளர்க்கு மட்டுமன்று, மருத்துவத்திற்குந்தான்.

உடலசைவை உற்றுநோக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. நாவும் தசையே. தொல்காப்பியப் பிறப்பியல், ஒலி பிறக்கும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டனைக் கூறி, நாவின் எப்பகுதி எவ்விடத்தை எவ்வாறு பொருந்த எவ்வெழுத்துப் பிறக்கும் என வகுத்துரைக்கின்றது. நாநுனி உயர்ந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் ழகரம், தசையின் இயக்கத்தை எழுத்தாக்கிக் கண்டவர்களின் கண்டுபிடிப்பு.

அண்மைக் கால வரலாறும் உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 1858-இல் இலண்டனில் வெளிவந்த என்றி கிரேயின் உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளில், 1872-இல் தமிழில் வெளிவந்துவிட்டது. கடல் கடந்து வந்த ஒருவர்க்குக் கைகூடியது, தமிழ் மண்ணிற் பிறந்தோர்க்குக் கைகூடாதா? ஆயினும் நன்றியோடு ஒரு குறையையும் சுட்ட வேண்டும். அந்நூலின் பெயர் ‘மனுஷ அங்காதிபாதம்’. பெயரிலேயே வடவெழுத்து, பெயர் முழுதும் வடசொல். மாந்த உடற்கூறு என்றாலே போதுமே! ஆங்கிலச் சிறையினின்று விடுபட்டு வடமொழிச் சிறையுட் புகுந்த சொற்களை எந்த உழவன் எடுத்தாள்வான்? மக்கள் வாய்ச்சொல்லோடு ஒட்டாத மொழிபெயர்ப்பு வேரூன்றாது என்பதே அந்நூல் தரும் படிப்பினை.

சப்பானியர் சென்ற வழியையும் காண்க. 1771-இல் எடோ நகரில் பிணவறுப்பு ஒன்றைக் கண்ட சுகிதா கென்பாக்கு முதலியோர், ஒல்லாந்து மொழியில் இருந்த உடற்கூற்று நூலின் படங்கள் உண்மையோடு பொருந்துவதைக் கண்டு வியந்தனர். அம்மொழியை அரைகுறையாக அறிந்திருந்தும், சொல்சொல்லாகப் போராடி 1774-இல் அந்நூலின் மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். குருத்தெலும்புக்கு ‘மெல்லென்பு’ எனப் பொருள்படும் சொல்லை அவர்கள் அன்று ஆக்கினர். இன்றும் சப்பானியப் பள்ளிச் சிறுவனும் அறுவை மருத்துவரும் அதே சொல்லை ஆளுகின்றனர். தமிழிலோ குருத்தெலும்பு என்னும் அழகிய சொல் பள்ளி வரை வந்து, கல்லூரி வாயிலில் நிறுத்தப்படுகின்றது. மேனிலைப் பள்ளியில் தசையையும் மூட்டையும் தமிழிற் கற்ற வ. புதுப்பட்டி மாணவன் மருத்துவக் கல்லூரியுட் புகுந்ததும் கற்றதை மறக்கக் கற்பிக்கப்படுகின்றான். ஐந்தரை ஆண்டு கழித்து அவன் மருத்துவனாகித் திரும்பும்போது, தன் தாயின் முழங்கால் வலியைத் தாய்க்கு விளக்கச் சொல்லின்றித் தடுமாறுகின்றான்!

செய்ய வேண்டியவை

குறை ஆட்சியாளரிடத்தும் கல்லூரியிடத்தும் மட்டுமே உள்ளது என்று கூறித் தமிழ்ப்பற்றாளர் தப்பித்துக்கொள்ள இயலாது. வெறும் முழக்கத்தால் சொல் பிறவாது. எடுத்துக்காட்டாக, ‘நரம்பு’ என்னும் ஒரு சொல்லையே மூளையின் ஆணையைச் சுமக்கும் இழைக்கும், குருதி ஓடும் குழாய்க்கும், தசையின் நாணுக்கும் மக்கள் வழங்குகின்றனர். ‘நரம்பில்லாத நாக்கு’ என்பது வழக்கு. மெய்யாகவே நாவை இயக்கும் நரம்பு மூளையினின்று நேரே வருகின்றது. நரம்பு, நாண், பிணைநார், குருதிக்குழாய் என்னும் நான்கனையும் வேறுபடுத்தி மக்கள் நாவிற் பதியவைப்பது தமிழறிந்தாரின் கடமை. உழைப்பாளரின் உடற்சொற்களைத் திரட்டுவதும் அவர்தம் கடமையே. வத்திராயிருப்பு வயல்களிலும் சத்திரப்பட்டித் தறிக்கூடங்களிலும் வழங்கும் சொற்கள், அவற்றைப் பேசும் முதியோரோடு மறையுமுன் தொகுக்கப்பட வேண்டும். மேசையில் அமர்ந்து ஆக்கும் சொல்லினும் வயலிற் கேட்ட சொல் வலிது.

அரசு செய்ய வேண்டியவையும் தெளிவானவை. அரசு மருத்துவமனைகளிலும் தொடக்க நலவாழ்வு நிலையங்களிலும் நோயாளர் கையில் தரும் தாள் தமிழில் இருத்தல் வேண்டும். மூட்டுநோயாளர் ஒவ்வொருவர்க்கும் படத்தோடு கூடிய பயிற்சித்தாள் தமிழில் தருதல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறும் உடலியலும் தமிழிற் கற்கவும் தேர்வெழுதவும் வழி திறத்தல் வேண்டும். உலக ஆய்வுகளைப் படிக்க ஆங்கிலம் துணையாகட்டும்; ஊரார் உடலைக் காக்கத் தமிழே முதலாகட்டும்.

இவை நடைபெறும்வரை காத்திராமல், இதனைப் படிப்போர் இன்றே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. முழங்கால் வலியோடிருக்கும் தாயையோ பாட்டியையோ கால்நீட்டி அமரச் செய்க. முழங்காலின் கீழ் மடித்த துண்டொன்றை வைத்து, அதனைத் தரையோடு அழுத்துமாறு முன்தொடைத் தசையை இறுக்கி, ஐந்து நொடி நிறுத்தித் தளர்த்தச் சொல்க. நாள்தோறும் பத்துப் பத்து முறையாகச் செய்யச் சொல்க. வலி மிகுந்தால் நிறுத்தி மருத்துவரை நாடச் சொல்க. அதனினும் இன்றியமையாதது, அஃது ஏன் என்று எடுத்துச் சொல்க: குருத்துக்கு நரம்பில்லை என்பதையும், அசைவே அதற்கு உணவு என்பதையும், தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும் என்பதையும் அவர்தம் சொல்லிலேயே சொல்க. தன் உடலைத் தன் மொழியில் அறிந்த மூதாட்டி அப்பயிற்சியை விடமாட்டாள். அண்டை வீட்டார்க்கும் சொல்லிக்கொடுப்பாள்.

தசை இழுக்குமேயன்றித் தள்ளாது. மொழியும் அத்தகையதே. மேலிருந்து எவரும் தள்ளி அது முன்னேறாது; தன் மக்கள் பற்றி இழுத்தாலன்றி நகராது. வடம் தரையிற் கிடக்கின்றது. கைவைப்பார் எவர்?